குளச்சல் யாருக்கெல்லாம் வேண்டியிருந்தது

1753இல் மாவேலிக்கரையில் திருவிதாங்கூர் மன்னரும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதில் ஒரு சரத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மன்னர் தன் கையில் அப்போது இருந்த நாடுகளிலிருந்து 3,000 கண்டி (கண்டி என்பது அந்தக் காலத்து எடை அளவு) நல்லமிளகை, கண்டிக்கு 65 ரூபாய் விலையில் கம்பெனிக்குத் தர வேண்டும். அதோடு, அவர் இனிமேல் பிடிக்கப்போகும் நாடுகளிலிருந்து இன்னும் 2,000 கண்டி, 55 ரூபாய் விலையில். இன்னும் பிடிக்காத நாட்டின் மிளகுக்கு அங்கேயே விலை பேசி முடித்திருக்கிறார்கள். பதிலுக்குக் கம்பெனி மலபாரின் மற்ற அரசர்களோடு வைத்திருந்த உறவை விட்டுவிட வேண்டும். ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்ச் சாமான்களையும் திருவிதாங்கூருக்குக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு உலகத்தில் இருந்த மிகப் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்று அந்தக் கம்பெனி. சொந்தப் படை, சொந்தக் கப்பல்கள், இலங்கையிலிருந்து ஜாவா வரை கோட்டைகள். 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த பிறகு, மலபார் மிளகை யார் யாருக்கு என்ன விலைக்கு விற்கலாம் என்று சொல்லும் இடத்தில் இருந்தவர்கள். அவர்கள் தங்கள் பழைய கூட்டாளிகளைக் கைவிட்டு, தங்களைத் தோற்கடித்தவனுக்கே துப்பாக்கி கொடுக்க ஒப்புக்கொள்கிறார்கள் என்றால், அதற்கான விதை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் குளச்சல் கடற்கரையில் விழுந்தது.

குளச்சல் போரைப் பற்றி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கடற்கரையில் வெற்றித் தூண் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைத்தால் ஒரு பிள்ளையாவது அந்தத் தலைப்பை எடுத்துக்கொள்ளும். ஆனால் நாம் சொல்லும் கதையில் போர் இருக்கிறது, துறைமுகம் இல்லை. கடல் கடந்து வந்த ஒரு கம்பெனிக்கு இத்தனை துறைகளை விட்டுவிட்டு இந்தத் துறை ஏன் வேண்டியிருந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கதை 1741இல் நிற்காது. மணவாளக்குறிச்சி மணலுக்கும், 1956க்கும், இனயத்துக்கும், கடைசியில் இன்றைக்குக் களியக்காவிளையைத் தாண்டிப் போகும் பாறை லாரிகளுக்கும் வந்து சேரும். என் ஊர் தக்கலைக்குப் பக்கம்தான் என்பதால் அந்த லாரிகளின் சத்தம் இதை எழுதும்போதும் கேட்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடற்கரை. இதில் பழைய துறைகள் பல. கிரேக்க மாலுமிகளின் குறிப்பிலேயே குமரித்துறை வருகிறது. தேங்காப்பட்டணத்துக்கு அரபு வணிகர்களோடு பழைய உறவு. மணக்குடி, முட்டம், கடியப்பட்டணம் என்று ஒவ்வொரு ஊரிலும் தோணி ஏறி இறங்கியிருக்கிறது. இவற்றில் குளச்சலுக்கு மட்டும் இரண்டு வசதி. ஒன்று, கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கும் பாறைகள். அலையின் வேகத்தை அவை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, நிலப்பக்கம். குளச்சலிலிருந்து இரணியல், அங்கிருந்து தக்கலை, பத்மநாபபுரம். எல்லாம் சேர்த்து 15 கிலோமீட்டர் அளவுதான். வேணாட்டு அரசின், அதாவது பிறகு திருவிதாங்கூர் ஆன அரசின், தலைநகரம் அந்தப் பாதையின் முடிவில் இருந்தது. இரணியலிலும் ஓர் அரண்மனை. கடலிலிருந்து அரண்மனைக்கு ஒரு நாள் நடை கூட இல்லை.

ஆக, குளச்சலைப் பிடித்தவனுக்கு மிளகு மூட்டை மட்டும் கிடைக்காது. அரசனின் வாசலே கிடைக்கும். பெரிய அண்டை நாடுகளுக்கு ஒரு சிறு துறையின் மதிப்பு இப்படித்தான் உருவாகிறது என்பது என் துணிபு. அந்தத் துறையில் எவ்வளவு சரக்கு ஏறுகிறது என்ற கணக்கு இரண்டாவதுதான். அது எதிரியின் கையில் இருந்தால் நமக்கு என்ன ஆகும் என்ற பயம்தான் முதலாவது.

இந்தப் பயம் டச்சுக்காரர்களிடம் தொடங்கவில்லை. 1723இலேயே ஆங்கிலக் கம்பெனி குளச்சல் மேல் கண் வைத்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான் ஆற்றிங்கலில் ஆங்கிலேயர்கள் பெருமளவில் கொல்லப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு அஞ்சுதெங்குக் கோட்டைத் தலைவர் அலெக்சாண்டர் ஓர்ம் வேணாட்டு அரசரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், அரசர் தன் செலவில் குளச்சலில் ஒரு கோட்டை கட்டித் தருவதாக ஒப்புக்கொள்கிறார். பணம் அரசருடையது, நிர்வாகம் கம்பெனியுடையது. அன்றைய அரசருக்கு உள்நாட்டில் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பெருநிலக்காரர்களின் தொல்லை. வெளியிலிருந்து ஒரு துணை வேண்டியிருந்தது. துணைக்கு விலையாகத் துறையைப் பேசினார்கள். துறைக்குச் சொந்தக்காரன் பலவீனமாக இருக்கும்போது பேரம் எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அப்புறம் 1729இல் மார்த்தாண்ட வர்மர் வருகிறார். பிள்ளைமாரை ஒடுக்குகிறார். அதில் அவர் செய்த கொடுமைகள் வேறு கதை, கட்டாயம் பேசப்பட வேண்டிய கதை. பிறகு கொல்லம், காயங்குளம், கொட்டாரக்கரை என்று வடக்கே பார்க்கத் தொடங்குகிறார். வடக்கே இருந்த ஒவ்வொரு சிற்றரசனோடும் டச்சுக் கம்பெனிக்கு மிளகு ஒப்பந்தம் இருந்தது. சின்னச் சின்ன அரசர்கள் பலர் இருந்தால் விலையை வாங்குபவன் சொல்லலாம். ஒரே அரசன் எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் விலையை அவன் சொல்வான். கம்பெனியின் கவலை அவ்வளவுதான். நிலமும் மானமும் பிறகு சேர்ந்துகொண்டவை.

இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹாஃப் 1739இல் கொச்சிக்கு வந்து நிலைமையைப் பார்த்தார். மன்னரைச் சந்தித்து மிரட்டியும் பார்த்தார். கொட்டாரக்கரை ராணியைக் கம்பெனி மறுபடி ஆட்சியில் உட்கார வைத்தது. திருவிதாங்கூர்ப் படை வந்து அதைக் கலைத்தது. அதற்கு மேல் போர்தான் என்று ஆனதும், கம்பெனியின் கப்பல்கள் இலங்கையிலிருந்து நேராகக் குளச்சலுக்கு வந்தன. 1740 கடைசியில் குண்டு வீச்சு. பிறகு கரையிறங்கி, கண்ணில் பட்ட ஊர்களைக் கொள்ளையடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தார்கள். சண்டைக்குக் காரணம் வடக்கே விளையும் மிளகு. சண்டை நடந்தது தெற்கே குளச்சலில். இந்தத் தூரத்தைக் கவனித்தால்தான் துறையின் அரசியல் மதிப்பு புரியும். வடக்கே மிளகுக்கொடிக்குக் காவல் இருந்தது. அரண்மனை வாசலுக்கு இருந்த காவல் குறைவு.

போர் ஏன் டச்சுக்காரர்களின் கையை விட்டுப் போனது என்பதற்கு நம்மூர்க் கதைகள் பல உண்டு. பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டினார்கள் என்பது ஒன்று. கடற்கரை முக்குவ மக்கள் மன்னருக்குத் துணை நின்றார்கள் என்பது இன்னொன்று. கரையோர மக்களின் நினைவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் செய்தி அது. அதற்கு உரிய மரியாதையோடுதான் கேட்கிறேன். ஆனால் இரண்டு காரணங்களை நாம் அதிகம் சொல்வதில்லை. ஒன்று குளச்சலில் இல்லை, ஜாவாவில் இருக்கிறது. 1740 அக்டோபரில் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக்காரர்கள் சீனர்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். அதிலிருந்து கிளம்பிய போர் ஜாவா முழுக்கப் பரவியது. தலைமையகமே தீப்பிடித்துக் கிடந்தபோது குளச்சலுக்கு எங்கிருந்து படை அனுப்புவது?

இரண்டாவது காரணம் கடல். குளச்சல் கடற்கரையில் ஒரு முதியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "பாட்டா, ஆடி மாசத்துல பெரிய கப்பல் இங்க நிக்குமா?" என்று கேட்டதற்கு அவர், "ஆனி, ஆடியில நம்ம வள்ளமே எறக்க யோசிப்போம் மக்களே. கப்பக்காரன் நங்கூரத்த நம்பி இங்க நின்னா கயிறு அறுத்துப் பாறையில கொண்டு போடும்" என்றார். குளச்சல் மூடிய துறைமுகம் இல்லை. திறந்த கடலில் கப்பல் நிற்க வேண்டும், சரக்கையும் ஆட்களையும் தோணியில் இறக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கொல்லம் ஆண்டு 916இன் கடைசியில், 1741 ஆகஸ்ட் 10 அன்று, டச்சுக்காரர்கள் தோற்றது அப்படி ஒரு பருவத்தில்தான். நிலப்பக்கம் திருவிதாங்கூர்ப் படை, கடல்பக்கம் ஆடி மாதம்.

"ஐரோப்பியரை வென்ற முதல் ஆசிய அரசு" என்று மேடையில் முழங்குவார்கள். அது சரியில்லை. 1662இலேயே சீனத் தளபதி செங் செங்கோங் தைவானிலிருந்து இதே டச்சுக் கம்பெனியை விரட்டியிருக்கிறார். குளச்சலின் பெருமைக்கு அந்த அடைமொழி தேவையும் இல்லை. டச்சுக்காரர்கள் மலபாரில் அதன் பிறகு நிமிரவே இல்லை என்பதே போதும்.

பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். மன்னர் அவரைத் தன் படையில் சேர்த்துக்கொண்டார். வலிய கப்பித்தான் என்ற பதவி வரை உயர்ந்து, புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, 1777இல் இங்கேயே இறந்தார். கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. அவர் மூலம் கிறிஸ்தவம் அறிந்த அரண்மனை ஊழியர் நீலகண்ட பிள்ளைதான் தேவசகாயம் பிள்ளை. 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். குளச்சலில் தோற்ற ஒரு கப்பலிலிருந்து இந்த மாவட்டத்தின் ஆன்மிக வரலாற்றுக்கும் ஒரு நூல் ஓடுகிறது.

இனி எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. இந்த வெற்றியால் குளச்சலுக்கு என்ன கிடைத்தது?

1743இல் மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக மன்னர் அறிவித்தார். விளைவித்தவன் அரசுக்கு மட்டுமே விற்க வேண்டும். அந்தப் பணத்தில் படை பெருகியது. படை வடக்கே போனது. காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1753இல் "இனிமேல் பிடிக்கப்போகும் நாடுகள்" என்று துணிந்து எழுத முடிந்தது அதனால்தான். ஆனால் நாடு வடக்கே நீள நீள, அதன் எடையும் வடக்கே போனது. மிளகு விளையும் நிலமும் கழிமுகங்களும் அங்கே. மலையிலிருந்து படகிலேயே சரக்கைக் கொண்டுவந்து கடலில் சேர்க்கலாம். பிறகு ராஜா கேசவதாஸ் ஆலப்புழையைத் துறைமுகமாக வளர்த்தார். அரசின் மிளகுக்கு அதுவே வாசல் ஆனது. அந்த நூற்றாண்டின் கடைசியில் தலைநகரமும் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போனது.

யோசித்துப் பாருங்கள். குளச்சலின் மதிப்பே அது தலைநகரத்தின் வாசல் என்பதில் இருந்தது. அந்த வாசலைக் காப்பாற்றியதால் அரசு பெரிதானது. அரசு பெரிதானதும் வாசலை வேறிடத்தில் வைத்துக்கொண்டது. போரில் செத்தவர்களும் வீடு எரிந்தவர்களும் தென் திருவிதாங்கூர்க்காரர்கள். லாபம் கப்பலேறிய இடம் வேம்பநாட்டுக் காயல் ஓரம். இதற்காக நான் கேசவதாஸைக் குறை சொல்ல மாட்டேன். திறமையான திவான், அவர் கணக்கு சரியான கணக்கு. ஆனால் நம்மூர் வெற்றி விழாப் பேச்சுகளில் இந்த இரண்டாம் பாதியை யாராவது சொல்ல வேண்டும்.

தெற்கை மறுபடி வடக்கோடு இணைக்க ஒரு முயற்சி நடந்தது. 1860 வாக்கில் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி என்பது திட்டம். மண்டைக்காடு அளவில் நின்றுபோனது. இப்போது அதன் பல இடங்களில் தண்ணீருக்குப் பதில் ஆகாயத்தாமரையும் குப்பையும்.

இருபதாம் நூற்றாண்டில் உலகம் மறுபடி இந்தக் கரையைத் தேடி வந்தது. இந்த முறை மிளகு இல்லை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மஞ்சள் நிறத் துகள்களைக் கண்டார். மோனசைட். அதிலிருந்து தோரியம் எடுக்கலாம். அந்தக் காலத்து காஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் அதே வகை மேன்டில்தான். அதுவரை உலகச் சந்தையைப் பிடித்திருந்தது பிரேசில் மணல். நம் மணலில் தோரியம் அதைவிட அதிகம். மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. குளச்சலிலிருந்து அது நடக்கிற தூரம். 1914இல் போர் வெடித்ததும் ஜெர்மானியர்களின் பிடியை ஆங்கிலேயர் அறுத்துத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கரைமணல் எந்த நாட்டுக்குப் போக வேண்டும், எந்த நாட்டுக்குப் போகக்கூடாது என்பதை லண்டன் முடிவு செய்தது.

மின்விளக்கு வந்ததும் மேன்டில் மங்கியது. ஆனால் அணு ஆயுதக் காலம் தொடங்கியதும் தோரியத்துக்கு வேறு விலை வந்துவிட்டது. 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர், பிரிட்டிஷார் போனபின் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். அவர் துணிவுக்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று இந்த மணல். பிரிட்டனோடு மோனசைட் விற்பனைக்கு அவர் பேசி முடித்திருந்தார். ஒரு சின்ன சமஸ்தானத்தை வல்லரசுகள் மதிக்க என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜூலை 25 அன்று அவர் வெட்டப்பட்டுக் காயத்தோடு தப்பினார். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர ஒப்புக்கொண்டது. 1950 ஆகஸ்டில் இந்திய அரிய மணல் ஆலை நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சி அதன் கிளைகளில் ஒன்றாக இன்றும் ஓடுகிறது.

1723இல் கோட்டைக்கு இடம் கேட்ட அதே பேரம் இதிலும் தெரிகிறது. சமஸ்தானத்துக்குப் பணம், லண்டனுக்கும் டெல்லிக்கும் காப்பு. மணல் அள்ளிய கரையில் வாழ்ந்தவர்களுக்கு? இயற்கையிலேயே கதிர்வீச்சுள்ள கரை இது. புற்றுநோயைப் பற்றிக் கடற்கரை ஊர்களில் கேட்டால் வீட்டுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு நேராக உட்கார்ந்து பதில் சொல்ல அரசு இன்னும் வர வேண்டும். இப்போது கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம் புத்தன்துறை உள்ளிட்ட ஊர்களில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டம் பேசப்படுகிறது. ஊர் ஊராக எதிர்ப்பு.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களை நாங்கள் மறப்பதில்லை. இணைப்பு நியாயமானது, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஆனால் துறைமுகம் என்ற கண்ணால் பார்த்தால், குளச்சலுக்குப் பின்னால் இருந்த நாடு அன்றோடு எல்லைக்கு அந்தப்பக்கம் போனது. கேரளத்துக்குக் கொச்சி இருந்தது. தமிழ்நாட்டுக்குத் தூத்துக்குடி இருந்தது, 1974இல் அது பெருந்துறைமுகமும் ஆனது. இரண்டு மாநிலங்களின் ஓரத்தில் கிடக்கும் குளச்சல்மேல் கவலைப்பட இரண்டு தலைநகரங்களுக்கும் காரணம் இல்லாமல் போனது. வரைபடத்தில் அது சிறு துறைமுகம் என்று எழுதப்பட்டது. கரையில் மீன் ஏலம் நடந்தது. சாளையும் நெத்திலியும் கணவாயும் அந்தக் கரையை வாழவைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று அதே கடல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் எடுத்துக்கொண்டு போனதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

அப்படி இருந்த கரைக்கு 2016இல் திடீரென்று டெல்லியின் பார்வை திரும்பியது. ஜூலை 5 அன்று மத்திய அமைச்சரவை குளச்சலுக்கு அருகில் இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 27,000 கோடி ரூபாய்க்கு மேல். காரணம் கொழும்பு. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே போகும் பெருங்கப்பல்கள் குமரிமுனைக்கும் இலங்கைக்கும் தெற்கே அடுத்தடுத்துக் கடந்து போகின்றன. அந்த அளவு கப்பல் நிற்க ஆழமான துறை இந்தியாவில் குறைவு. அதனால் நம் கன்டெய்னர்கள் சிறு கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய், அங்கே பெருங்கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. இதனால் இந்தியத் துறைமுகத் துறைக்கு ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாய் வரை இழப்பு என்று அரசே சொன்னது.

பணம் மட்டும் இல்லை. 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் வந்து நின்றது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்துக்குப் போனது. கொழும்பு கன்னியாகுமரியிலிருந்து 300 கிலோமீட்டருக்குள். குளச்சலுக்கு டச்சுக் கப்பல்கள் கிளம்பி வந்த அதே தீவு, அதே கடல். நம் சரக்கு அடுத்தவன் வாசல் வழியாகப் போகிறது, அந்த வாசலில் வேறொருவன் வந்து உட்காருகிறான் என்ற பயம் டெல்லிக்கு. அது நியாயமான பயம்தான்.

ஆனால் இனயத்துக்காரர்களுக்கு இருந்த பயமும் நியாயமானது. எனக்கு அந்த ஊர்ப் பக்கம் ஒரு நண்பன் உண்டு, கடலுக்குப் போகும் குடும்பம். அவன் அப்பாவிடம் திட்ட வரைபடத்தைச் செல்போனில் காட்டினேன். அவர் கப்பல் நிற்கும் இடத்தைப் பார்க்கவில்லை, அலைதடுப்புச் சுவர் வரும் இடத்தைத்தான் பார்த்தார். "மணல் ஓடுறத இங்க தடுத்தா, அங்க கர அரிக்கும். எங்களுக்கு இது தெரியாதா?" என்றார். ராமன்துறை, முள்ளூர்துறை, மிடாலம், குறும்பனை, வாணியக்குடி, கோடிமுனை என்று வீட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு தெரு அகலம் மட்டுமே உள்ள ஊர்கள் அவை. அங்கே கடல் பத்து அடி உள்ளே வருவது ஒரு குடும்பம் தெருவுக்கு வருவது. போராட்டம் வலுத்தது. திட்டத்தைக் கன்னியாகுமரிக்கு அருகில் உள்ள கோவளம், கீழமணக்குடிப் பக்கம் மாற்றினார்கள். அங்கேயும் எதிர்ப்பு. இதற்கு நடுவே 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. ஆழ்கடலுக்குப் போன எங்கள் ஆட்கள் பலர் திரும்பவில்லை. கரையில் கூடி நின்று தேடுதல் கப்பல் கேட்டவர்களுக்கு அது கிடைக்கத் தாமதமானது. பெருந்துறைமுகத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி பேசிய அரசை அதன் பிறகு அந்தக் கரை எப்படி நம்பும்? திட்டம் மெல்லக் கிடப்பில் போனது.

குளச்சலுக்குத் துறைமுகம் வருகிறது என்றதும் கேரளத்திலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. 2015இலேயே விழிஞ்ஞத்துக்கு அதானி குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். கடல்வழியில் 40 கிலோமீட்டருக்குள் இன்னொரு கன்டெய்னர் துறைமுகம் என்றால் அவர்களுக்குக் கவலை வராதா? விழிஞ்ஞமும் நமக்குப் புதிய பெயர் இல்லை. ஆய் மன்னர்களின் துறை. பாண்டியரும் சோழரும் சேரரும் மாறி மாறி அடித்துக்கொண்ட இடம். ஆயிரம் ஆண்டு கழித்து வென்றது விழிஞ்ஞம். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே 2 அன்று பிரதமர் அதை நாட்டுக்கு ஒப்படைத்தார். ஆழமும் அங்கே இயற்கையாகவே நம்மைவிடச் சாதகம். பொருளாதாரக் கணக்கில் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அங்கேயும் கரை அரிப்பைச் சொல்லி மீனவர்கள் 2022இல் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது லாரிகளுக்கு வருகிறேன். விழிஞ்ஞத்தில் கடலுக்குள் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். அதற்குப் பாறை வேண்டும். கேரளத்தில் குவாரிக்குக் கட்டுப்பாடு. எல்லைக்கு இந்தப்பக்கம் மலை இருக்கிறது. குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து டாரஸ் லாரிகள் கல்லை ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் போகத் தொடங்கின. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை சாலையில் இரு சக்கர வண்டியில் போகிறவர்களைக் கேளுங்கள், அந்த லாரிகளைப் பற்றிச் சொல்வார்கள். விபத்துகள், போராட்டங்கள், கட்டுப்பாடுகள், மறுபடி லாரிகள். எங்கள் பக்கம் சிறு வயதில் பார்த்த ஒரு குன்று இப்போது பள்ளமாக இருக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கிறது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

மிளகுக் காலத்தில் இந்த மாவட்டம் பெரியவர்களுக்கு வாசலாக இருந்தது. மணல் காலத்தில் மூலப்பொருளாக இருந்தது. கன்டெய்னர் காலத்தில் அடுத்த ஊர்த் துறைமுகத்துக்குக் கல்லாகப் போகிறது. எந்தக் காலத்திலும் இங்கே வாழ்பவர்களின் தேவையிலிருந்து ஒரு துறைமுகத் திட்டம் தொடங்கவில்லை. அப்படித் தொடங்க முடியாது என்று நான் நம்பவில்லை. குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் என்று மீன்பிடித் துறைமுகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கிறார்கள். அவர்கள் பிடிக்கும் மீனில் பெரும்பங்கு கொச்சியில் இறங்குகிறது. அங்கே ஐஸ், குளிர்பதனக் கிடங்கு, ஏற்றுமதி நிறுவனம் எல்லாம் பக்கத்தில் இருப்பதால்தான். ஊர் இங்கே, கூலி இங்கே, கப்பலேறுவது அங்கே.

தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு சேர்ந்து படகு கவிழ்ந்து ஆட்கள் இறக்கிறார்கள். சுவரின் நீளத்தைச் சரிசெய்யவும் மணலைத் தொடர்ந்து வாரவும் அந்த ஊர்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுக்கின்றன. 27,000 கோடிக்கு வரைபடம் போட முடிந்த இடத்தில் இந்த ஒரு முகத்துவாரத்துக்கு ஏன் இத்தனை இழுபறி? விழிஞ்ஞத்துக்கு நம் மலையிலிருந்து போன பாறையில் ஒரு பங்கு, வெறும் ஒரு பங்கு, தேங்காப்பட்டணம் சுவருக்குப் போயிருந்தால் சில வீடுகளில் அப்பா இருந்திருப்பார். வரும் ஆனி, ஆடிக்கு முன்னால் அந்த முகத்துவாரத்தைச் சரிசெய்து கொடுங்கள். குமரிக்குப் பெருந்துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று அதற்குப் பிறகு வந்து எங்களிடம் கேளுங்கள், உட்கார்ந்து பேசுகிறோம்.